இருபத்தேழு குட்டு

ஜனவரி 5

வாலு,

உறையின் மேல் இருக்கும் கிறுக்கலைப் பார்த்து ஏதோ ஒரு குழந்தை எழுதியது என்று நினைத்திருப்பாய். உன் அண்ணன்தான். கிழித்துப் போடுவதற்கு முன்னால் காரணத்தைக் கேட்டுவிடு.

ஆகஸ்டில் கிரேன் கூண்டிலிருந்து இறங்கும்போது ஏணியின் கடைசி நாலு படி வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு உடைந்து, நரம்பும் நசுங்கியது. மூன்று மாதம் கட்டு. கட்டைப் பிரித்த பிறகு கை என் பேச்சைக் கேட்பதில்லை. சட்டைப் பொத்தான் போட உன் அண்ணி வர வேண்டியிருக்கிறது. பதினெட்டு வருஷமாகத் துறைமுகத்தில் நாற்பது டன் கன்டெய்னரைத் தூக்கி, சத்தமே இல்லாமல் கப்பலில் வைத்த கை இது.

பிசியோதெரபி டாக்டரம்மா தினமும் வலது கையால் எழுதச் சொன்னார். "யாருக்கு எழுதறது?" என்றேன். "யார் மேல கோவம் இருக்கோ அவங்களுக்கு எழுதுங்க, பக்கம் தானா நிறையும்" என்றார். ஆறு வருஷமாக என் போனை எடுக்காதவள் நீ ஒருத்திதான். எனவே மாட்டிக்கொண்டாய். இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆயிற்று, தெரியுமா?

இனி விஷயம். மார்ச் 20 எனக்குப் பரீட்சை. தேறினால் மறுபடியும் கூண்டுக்கு ஏறலாம். இல்லாவிட்டால் கிடங்கு வாசலில் உட்கார்ந்து வருகிற லாரிக்கெல்லாம் சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான். பரீட்சைக்குத் தயாராகப் பயிற்சிக் கூண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். நிஜக் கூண்டு மாதிரியே நாற்காலி, இரண்டு லீவர், முன்னால் பெரிய திரை. திரையில் கன்டெய்னர் தொங்கும். வலது கை லீவர் அதை ஏற்றி இறக்கும். கை கொஞ்சம் நடுங்கினாலும் கன்டெய்னர் ஆட ஆரம்பித்துவிடும். ஊஞ்சல் விழுந்தது என்போம். ஊஞ்சல் விழுந்தால் ஹாரன் அலறும், மேற்பார்வையாளர் மீசை எல்லார் முன்னாலும் என் மதிப்பெண்ணைக் குறைப்பார்.

முதல் நாள் முப்பத்தாறு கன்டெய்னரில் முப்பது ஊஞ்சல். நாலாவது நாள் எவ்வளவு தெரியுமா? ஒன்பது! நாலே நாளில்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் அந்த ஹாரன் செய்த வேலை. தலையில் இரண்டு விழுந்தால்தான் கை திருந்தும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீதான் கேட்கவில்லை.

அண்ணன்

*

ஜனவரி 14

அண்ணனுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். "ஊஞ்சல் முப்பது, நாலாவது நாள் ஒன்பது" என்ற வரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. சொல்கிறேன், உட்கார்ந்து கேள். என் அறையில் மேஜைமேல் ஒரு கைப்பிடி இருக்கிறது. கையை மறைக்க ஒரு பலகை. எதிரே திரையில் ஒரு புள்ளி. வருகிறவர்கள் கைப்பிடியைத் தள்ளி அந்தப் புள்ளியைத் தொட வேண்டும். பாதியில், அவர்களுக்குச் சொல்லாமல், கைப்பிடியை இடப்பக்கமாக இழுக்க வைப்பேன். கை தடுமாறும், பிறகு பழகிக்கொள்ளும். ஒரு கூட்டத்துக்குச் சரியாகத் தொட்டால் மதிப்பெண் ஏறும். இன்னொரு கூட்டத்துக்குத் தவறினால் மதிப்பெண் இறங்கும்.

யார் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? மதிப்பெண் இழந்தவர்கள்! ஆமாம், உன் கட்சிதான் ஜெயித்தது. முதல்முதலில் அந்தக் கணக்கைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதி மாளாது. நாலு வருஷம் ராப்பகலாக உழைத்து உன் குட்டுக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துவிட்டேனா என்று நொந்துபோனேன்.

ஆனால் அதே ஆட்களைச் சில நாள் கழித்துக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். மதிப்பெண் இழந்த கூட்டத்துக்குப் பெரும்பாலும் மறந்துபோயிருந்தது. மதிப்பெண் ஏறிய கூட்டத்தின் கை அப்படியே ஞாபகம் வைத்திருந்தது! நான் எழுந்து குதித்ததில் காப்பி கவிழ்ந்தது.

இப்போது நம் கதைக்கு வா. கார் ஓட்ட எனக்கு எட்டு நாளில் கற்றுக்கொடுத்தாய். இன்ஜின் அணைந்தால் ஒரு குட்டு, கியர் மாறிப் போட்டால் ஒரு குட்டு. மொத்தம் இருபத்தேழு. நான் எண்ணினேன். முப்பத்தோரு வயதுக்காரி தலையில் குட்டினாய், அண்ணா. ஒன்பதாவது நாள் லைசென்ஸ் வாங்கினேன். அப்புறம் மூன்று வாரம் வண்டியைத் தொடவில்லை. வீடு நிறைய விருந்தாளி வந்த அன்று உன் புதுக் காரைப் பின்னால் எடுத்தேன், நேராகக் காம்பவுண்டுச் சுவரில் விட்டேன். நீ எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "இவளுக்குப் படிப்புதான் வரும். கை கால் வராது." நான் ஊரை விட்டுக் கிளம்பியது வேலைக்காக மட்டுமில்லை.

எனக்குக் கை கால் வராமலில்லை. நீ சொல்லிக்கொடுத்த விதம் மூன்று வாரம் தாங்கவில்லை.

நம்பாவிட்டால் ஒன்று செய். மூன்று நாள் பயிற்சிக் கூண்டுப் பக்கமே போகாதே. நாலாம் நாள் போய் உட்கார். எத்தனை ஊஞ்சல் என்று மறைக்காமல் எழுது.

தங்கை

*

ஜனவரி 29

வாலு,

இருபத்தாறு.

அவ்வளவுதான், சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மீசை சொன்னார்: "என்னய்யா, மறுபடியும் மொதல்லேருந்தா? உனக்கு ஹாரன் பத்தாது போல." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது எங்கே போயிற்று? மூன்று நாளில் கை எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நான் மூக்குடைந்து வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை அண்ணியிடம் கொடுத்தேன். அவள் இரண்டு தடவை படித்தாள். "உங்க தங்கச்சி அறிவு உங்களுக்கு இல்லையே" என்றாள். அடுத்த நாள் காலை என் பழைய சைக்கிளிலிருந்து பெல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள்!

நேராக மீசையிடம் போய், "சார், அந்த ஹாரனை நிறுத்திடுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றாள். "ஹாரன் இல்லாம எப்படிம்மா ஆளு கத்துக்கும்?" "ஒரு வாரம் பாருங்க சார். ஆகலைன்னா ரெண்டு ஹாரன் வைங்க." அவள் பேச்சை நான் இருபது வருஷமாகத் தட்ட முடியவில்லை, மீசை எம்மாத்திரம்?

இப்போது ஏற்பாடு இதுதான். கன்டெய்னர் ஆடாமல் உட்கார்ந்தால் பின்னாலிருந்து ட்ரிங். ஆடினால் ஒன்றுமில்லை, அவள் பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் பத்தே பத்து ட்ரிங். இரண்டாம் நாள் பன்னிரண்டு. ஆமை வேகம்தான். ஆனால் ஒவ்வொரு ட்ரிங்குக்கும் எனக்குள் ஏதோ துள்ளுகிறது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பெல்லுக்கு அலைகிறேன்!

எழுத்துப் பயிற்சியும் பிரமாதம். கையெழுத்தைப் பார், அச்சடித்த மாதிரி இல்லை? டாக்டரம்மாவே அசந்துபோவார்.

அண்ணன்

*

பிப்ரவரி 7

அண்ணனுக்கு,

அண்ணிக்கு என் சார்பில் நூறு ட்ரிங் அடி. இங்கே என் மேலதிகாரி முன்னால் உன் கடிதத்தை வாய்விட்டுப் படித்தேன். வெங்காயம் உரிக்கும் இடத்தில் அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன்.

முதல் கடிதம் எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருந்தது. இரண்டாவது கடிதம் அச்சு மாதிரி. மூன்று வாரத்தில் நசுங்கிய நரம்பு இப்படித் திருந்தாது, அண்ணா. நான் கைகளைப் பார்த்தே பிழைக்கிறவள். கடிதத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் மை தேய்ந்திருக்கிறது. வலது கையால் எழுதுகிறவரின் கை எழுதாத இடத்தில் போகும். இடது கையால் எழுதுகிறவரின் கை எழுதி முடித்த ஈரத்தின் மேலேயே இழுத்துக்கொண்டு போகும். உன் குட்டு வெளிப்பட்டுவிட்டது! ஆறு வருஷமாக அந்தச் சொல்லை உனக்கு எதிராக எழுதக் காத்திருந்தேன். இப்படி எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

உடனே ஒரு பக்கம் வெளுத்து வாங்கி எழுதினேன். ஏமாற்றுக்காரன், யாரை ஏமாற்றுகிறாய், கை யாருடையது என்றெல்லாம். படித்துப் பார்த்தேன். அது கடிதமே இல்லை, நாலு குட்டு. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கிழித்துப் போட்டேன்.

அதற்குப் பதில் இது. அடுத்த கடிதத்தில் வலது கையால் ஒரே ஒரு வரி எழுது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் சரி. அதைச் சட்டம் போட்டு என் மேஜைக்கு மேல் மாட்டுவேன். மீதியை எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுது. ஆனால் ஒன்று கேட்கிறேன். இடது கையில் உனக்கு எப்படி இவ்வளவு அழகாக வருகிறது?

தங்கை

*

பிப்ரவரி 18

வாலு இது வலது கை சத்தியமாக இவ்வளவுதான்

(இனி இடது கை. மேலே இருக்கிற ஆறு சொல்லுக்கு அரை மணி நேரம். சட்டத்தைப் பெரிதாக வாங்கு, எழுத்துப் பரவிக் கிடக்கிறது.)

கேட்டாயே, சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முந்தைய கதை, வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆறு வயது வரை நான் இடது கைக்காரன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இடது கையில் பென்சில் எடுத்தால் விரல் முட்டியில் ஸ்கேல், தலையில் ஒரு குட்டு. ஒரே வாரத்தில் மாறிவிட்டேன். "பாத்தியா, ஒரு வாரம்தான்" என்று அப்பா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். கற்றுக்கொடுப்பது என்றால் அதுதான் என்று நானும் பிடித்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி தெரியாது, வாலு. கார் சொல்லிக்கொடுத்தபோது உன்னைத் திருத்துவதாகத்தான் நினைத்தேன்.

கட்டுப் போட்டிருந்த மூன்று மாதமும் இடது கையால் எழுதிப் பார்த்தேன். நாற்பது வருஷம் கழித்து அது பாட்டுக்கு வந்துவிட்டது. அதனால்தான் உன்னை ஏமாற்றினேன். வலது கை கோணலைப் பார்த்தால் நீ சிரிப்பாய் என்று பயம். குட்டுகிறவனுக்குத்தான் குட்டுக்குப் பயம் அதிகம் என்று இப்போது தெரிகிறது.

பெல் கணக்கு: நேற்று முப்பத்தாறுக்கு முப்பத்தொன்று! ஐந்தே ஊஞ்சல்! மீசை தன் வாயால் "பரவாயில்லையே" என்றார். அண்ணி அவருக்கும் ஒரு ட்ரிங் அடித்தாள்.

ஆனால் இடி விழுந்த மாதிரி ஒரு சேதி. பயிற்சிக் கூண்டு பழுதாகிவிட்டது. உதிரி பாகம் கப்பலில் வர வேண்டுமாம். மார்ச் 20 காலையில்தான் திரும்ப ஓடும். பரீட்சை அன்றைக்கே. ஒரு மாதம் லீவரையே தொட முடியாது. நீ மூன்று வாரத்தில் மறந்தாய், நான் மூன்று நாளில் மறந்தேன். ஒரு மாதம் என்றால் என்ன ஆகும்? பரீட்சையில் பன்னிரண்டு கன்டெய்னர், இரண்டு ஊஞ்சல் வரை பொறுப்பார்கள், மூன்றாவது விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். அதோடு ஹாரன் கட்டாயம் உண்டு.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏதாவது சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 26

அண்ணா,

மாட்டிவிட்டேன்! என் மேஜைக்கு நேர் மேலே, ஆறு சொல்லும், பெரிய சட்டத்தில். வருகிறவர்கள் எல்லாரும் எந்த மொழி, எந்தக் கலைஞர் என்று கேட்கிறார்கள். என் அண்ணன் என்கிறேன்.

அப்பாவின் ஸ்கேலைப் பற்றி எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் பாதி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது, நேரில் தருவேன்.

இப்போது கேள். கூண்டு பழுதானது நல்லதுக்குத்தான் என்று சொன்னால் அடிக்க வருவாய். இருந்தாலும் சொல்கிறேன். என் அறையில் இருப்பது ஒரு சின்னக் கைப்பிடி, உன்னுடையது நாற்பது டன். அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும் என்று என்னால் கையடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஹாரனில் கற்றதும் பெல்லில் கற்றதும் ஒன்றில்லை என்று நீயே கண்ணால் பார்த்தாய். ஞாயிற்றுக்கிழமை கூண்டு மூடியிருக்குமே, திங்கள்கிழமை பெல் கணக்கு குறைந்ததா? யோசித்துப் பார். குறைந்திருந்தால் நீ எனக்கு ஒப்பாரி வைத்து எழுதியிருப்பாய். இந்த ஒரு மாதமும் வலது கையால் தினம் ஒரு வரி எழுது. வேறெதுவும் செய்யாதே, பயப்படாதே.

நீ உண்மை சொன்னாய், நானும் சொல்ல வேண்டும். அந்தச் சுவருக்குப் பிறகு நான் ஸ்டியரிங்கையே தொட்டதில்லை. ஆறு வருஷமாக இரண்டு பஸ் மாறித்தான் வேலைக்குப் போகிறேன். புகை, சுற்றுச்சூழல், கொள்கை என்றெல்லாம் அளந்துவிட்டதில், போன வருஷம் எனக்கு அலுவலகத்தில் ஒரு பாராட்டுப் பத்திரமே கொடுத்துவிட்டார்கள். உண்மையில் இன்ஜின் சத்தம் கேட்டாலே உச்சந்தலை சுருங்குகிறது.

உன் ஆறு சொல் வந்த அன்று பக்கத்து மேஜைக்காரியிடம் குட்டை உடைத்தேன். வண்டி ஓட்டத் தெரியாது, பயம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் காரில், காலியாக இருந்த ஒரு கடையின் வாகன நிறுத்தத்துக்கு அழைத்துப் போனாள். வண்டி அணையாமல் கிளம்பினால் "ஜோர்!" என்கிறாள். அணைந்தால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறாள். அன்று முழுக்க நாலே நாலு ஜோர். அண்ணா, அந்த நாலும் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது!

உன் வீடு இங்கிருந்து காரில் ஒன்பது மணி நேரம். நீ தேறினாலும் தேறாவிட்டாலும் வருவேன். நானே ஓட்டிக்கொண்டு வருவேன்.

தங்கை

*

மார்ச் 20, சாயங்காலம்

வாலு,

முழுக் கடிதமும் வலது கை, தினம் எழுதியதில் கொஞ்சம் வேகம் வந்திருக்கிறது. விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொள்.

காலை ஒன்பது மணிக்கு ஏறி உட்கார்ந்தேன். மீசையோடு வெளியூர்ப் பரிசோதகர் இரண்டு பேர். அண்ணியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். பெல்லையும் வாங்கி மேஜையில் வைத்துவிட்டார்கள். என் முதுகுக்குப் பின்னால் அண்ணி இல்லை. லீவரைப் பிடித்தேன். ஒரு மாதம் தொடாத லீவர்.

முதல் கன்டெய்னர். ஆடவே இல்லை! கை தானாகப் போய்த் தானாக நின்றது. இரண்டாவதும் அப்படியே. என்னால் நம்பவே முடியவில்லை, வாலு, கத்த வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே மூன்றாவதில் ஊஞ்சல் விழுந்தது. ஹாரன் அலறியதும் உடம்பு விறைத்துவிட்டது. நாலாவதைத் திணறி வைத்தேன். ஐந்தாவதில் மறுபடியும் ஹாரன். இரண்டு போயிற்று, இன்னும் ஏழு பாக்கி. பரிசோதகர் பேனாவை மூடிவிட்டார். அவர் மனசில் நான் ஏற்கெனவே கிடங்கு வாசலில் உட்கார்ந்தாயிற்று.

தலையைக் குனிந்துகொண்டேன். குட்டு விழப்போகிறவன் அப்படித்தான் குனிவான். அப்போதுதான் உறைத்தது, குட்ட இங்கே யாரும் இல்லை. பெல் அடிக்கவும் யாரும் இல்லை. சரி, நானே அடித்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். ஆறாவது கன்டெய்னர் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. வாய்க்குள்ளேயே "ட்ரிங்" என்றேன். ஏழாவது. ட்ரிங். எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவதுக்கு உரக்கவே சொல்லிவிட்டேன் போல. மீசை, "என்னய்யா முணுமுணுக்கற, மந்திரமா?" என்றார். "பெல்லு சார்" என்றேன். பன்னிரண்டாவதை இறக்கி வைத்துவிட்டு லீவரை விட்டேன். கூண்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து ட்ரிங் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேஜையிலிருந்த பெல்லை அடித்தது மீசை!

தேறிவிட்டேன், வாலு! திங்கள்கிழமை கூண்டுக்கு ஏறுகிறேன்! அண்ணி வாசலில் அழுகிறாள், சிரிக்கிறாள், வருகிற போகிற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

இதையும் வலது கையால்தான் எழுத வேண்டும். அந்த இருபத்தேழும் தப்பு. விருந்தாளிகள் முன்னால் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. உனக்குக் கை கால் எல்லாம் வரும், எனக்குத்தான் சொல்லிக்கொடுக்க வரவில்லை. என்னை மன்னித்துவிடு. சுவரில் நீ காரை இடித்த சிவப்புக் கீறல் இன்னும் இருக்கிறது. இரண்டு தடவை வீட்டுக்கு வெள்ளையடித்தோம், அந்த இடத்தை மட்டும் அடிக்கவிடவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அண்ணன்

*

ஏப்ரல் 4, பகல் இரண்டு மணி, உன் வீட்டு வாசல்

அண்ணா,

வந்துவிட்டேன்! பக்கத்து மேஜைக்காரியின் காரில், ஒன்பது மணி நேரம், நானே! மலைப்பாதை, பாலம், மழை, லாரிக் கூட்டம், எல்லாம் தாண்டி வந்தேன். வழியில் இரண்டே தடவைதான் வண்டி அணைந்தது. வழியெல்லாம் எனக்கு நானே ஜோர் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

நீயும் அண்ணியும் வெளியே போயிருக்கிறீர்கள், கதவு பூட்டியிருக்கிறது. அதனால் இந்தச் சீட்டைக் கேட்டில் செருகுகிறேன். நீ சுவரைப் பார்ப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

வண்டியைப் பின்னால் எடுத்து நிழலில் நிறுத்தப் பார்த்தேன். இடித்துவிட்டேன். அதே சுவர். பழைய கீறலுக்கு ஒரு சாண் தள்ளி, இந்தத் தடவை நீலம்.

ஓடிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போகவில்லை. வண்டிக்குள்தான் இருக்கிறேன். வரும்போது குட்டைக் கொண்டுவருகிறாயா, பெல்லைக் கொண்டுவருகிறாயா, நீயே முடிவு செய்.

வாலு

*

(அதே சீட்டின் மறுபக்கம், வலது கையெழுத்தில்)

வாலு,

நீ ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்குகிறாய். எழுப்ப மனசு வரவில்லை, இதை வைப்பரில் செருகுகிறேன்.

சுவரைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், விரல் தானாக மடங்கியது. அப்புறம் நீ வந்த பாதையை நினைத்தேன். மலை, பாலம், மழை, ஒன்பது மணி நேரம். விரலை நிமிர்த்திக்கொண்டேன்.

அண்ணி பெல்லை எடுக்க உள்ளே ஓடியிருக்கிறாள். அவள் வருவதற்குள் முதல் ஆளாக நான் சொல்லிவிடுகிறேன்.

ட்ரிங்.